திரும்பிய தகடு

மிஷன் அலுவலகத்தில் அவளை எல்லோரும் சீட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் அந்தப் பேரைக் கேட்டுவிட்டு, பாவம், சீட்டாடுகிற பழக்கம் போலிருக்கிறது என்று ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவள் கையில் இருந்தது வேறு சீட்டு. கீழ்த்தளத்தில் சிமெண்ட் வாடை போகாத நீள அறை, இரும்பு அலமாரிகள், அவற்றில் மூவாயிரத்துச் சொச்சம் கண்ணாடித் தகடுகள். பழைய மிஷனரிகள் எடுத்த புகைப்படங்களின் நெகட்டிவ்கள் அவை. ஒவ்வொன்றையும் துடைத்து, ஸ்கேன் செய்து, படத்தில் இருப்பது யார், எப்போது எடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதி வைக்க வேண்டும். பதினோரு வருஷமாக அதையே செய்துவந்தாள். எழுதிய சீட்டை அடித்துத் திருத்துவது அவளுக்குப் பிடிக்காது.

அந்த மாதம் ஓர் ஆராய்ச்சியாளர் வந்திருந்தார். கிறிஸ்தவம் ஒவ்வொரு நாட்டிலும் எப்படிப் பரவியது, பரவிய கதையை மிஷன்கள் படம் காட்டி எப்படிச் சொல்லின என்பதுதான் அவர் படிப்பு. முப்பத்தைந்து வயதிருக்கும். சாப்பிடும்போதும் பேசிக்கொண்டே சாப்பிடுகிற மனிதர். அவர் முதலில் கேட்டதே அந்த ஜோடிப் படத்தைத்தான்.

நூறு வருஷத்துக்கு முன் மிஷன் பத்திரிகையில் பக்கத்துப் பக்கத்தில் அச்சான இரண்டு படங்கள். முதல் படத்தில் ஒரு பெண் கிழிந்த துணியோடு, தலைவிரி கோலமாகத் தரையில் உட்கார்ந்திருப்பாள். கழுத்தில் தடித்த மணிமாலை. கீழே ‘மனந்திரும்பும் முன்’ என்று எழுதியிருக்கும். அடுத்ததில் அதே பெண் வாரிய தலையும் வெள்ளைச் சட்டையுமாக, நாற்காலிக்குப் பின்னால், கையில் புத்தகத்தோடு நிற்பாள். ‘மனந்திரும்பிய பின்.’

"இந்த மாதிரி ஜோடி எல்லாக் கண்டத்திலயும் இருக்கு மேடம்," என்றார் ஆராய்ச்சியாளர். "பார்த்தவங்க உருகிப் போயிடுவாங்க. ஆனா எது உண்மையிலேயே முன்னாடி எடுத்தது, எது பின்னாடி எடுத்ததுன்னு யாரும் கேட்டதே இல்ல."

சீட்டம்மா இரண்டு தகடுகளையும் ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. தரையில் உட்கார்ந்திருந்தவளின் இடது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழைய தீக்காயத் தழும்பு, சுருங்கிய தோல் பளபளவென்று. வெள்ளைச் சட்டைக்காரியின் இடது கை நாற்காலி முதுகின்மேல் நன்றாகத் தெரிந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. வலது கை நாற்காலிக்குப் பின்னால் மறைந்திருந்தது.

வந்த தழும்பு மறையுமா? மறையாது. அப்படியென்றால் தழும்பில்லாத படம்தான் முதலில் எடுத்தது. ‘பின்’ என்பதுதான் முன். ‘முன்’ என்பதுதான் பின். ஏற்கெனவே படித்து, சபையில் சேர்ந்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவளுக்குத்தான் பிறகு ஒருநாள் கிழிசலைக் கட்டித் தலையை விரித்துவிட்டு உட்காரவைத்திருக்கிறார்கள்.

ஆராய்ச்சியாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "மேடம், நீங்க என்ன கண்டுபிடிச்சிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியாது." அடுத்த வாரக் கருத்தரங்கில் இதையே வாசிக்கப் போவதாகச் சொன்னார். உங்கள் பெயரையும் சொல்வேன் என்றார். பதினோரு வருஷத்தில் அவள் பெயரை எங்கேயாவது சொல்லப்போவதாக யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் தபால்காரர் வந்தார். ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகியும் எல்லோருக்கும் அவர் தபால்காரர்தான். படத்தில் இருக்கும் பெண் அவருடைய அப்பாவின் அத்தை; வீட்டில் எல்லோருக்குமே அவள் அத்தைதான். குடும்பத்தில் முதன்முதலாக ஞானஸ்நானம் வாங்கியவள். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து, கல்யாணமே செய்துகொள்ளாமல் காலமானவள். பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த அந்த ஜோடிப் படம் அவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. மங்கிப்போய்விட்டதால் நல்ல பெரிய பிரதி வேண்டும் என்று கேட்டு வந்திருந்தார்.

சொல்லாமல் எப்படிக் கொடுப்பது? சொல்லிவிட்டாள். கம்ப்யூட்டரில் இரண்டு கைகளையும் காட்டினாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். "அப்போ எங்க அத்தை வேஷம் போட்டாங்கன்னு சொல்றீங்களா?"

"போட வச்சிருக்காங்க ஐயா."

"போட்டது அவங்கதானே," என்று சொல்லிவிட்டு, பிரதிகளை உறையில் போட்டுக்கொண்டு படியேறிப் போய்விட்டார். வழக்கமாக வாசலில் நின்று ஊர்க்கதை பேசுகிற மனிதர், அன்று பேசவில்லை.

அவளுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. சரியானதைச் சொல்லிவிட்டோம் என்று ஒரு பக்கம், எதற்கு வாயைத் திறந்தோம் என்று இன்னொரு பக்கம். நாலு நாள் கழித்து அந்தப் படங்களின் பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போய், தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த நாத்தனாரிடம் காட்டினாள். நாத்தனார் அந்தத் தெருவில் பேர்போன தையல்காரி. யார் எதிரே வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தையலைப் பார்ப்பாள்.

"கையெல்லாம் இருக்கட்டும் அண்ணி," என்றாள் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு. "இந்தச் சட்டை யாரோடது? இரவல் வாங்கினாங்களா?"

"ஏன்?"

"பட்டன் ஆம்பளைச் சட்டை மாதிரி இருக்கே. இடப்பக்கம் மேல வந்திருக்கு பாருங்க. பொம்பளைச் சட்டைன்னா வலப்பக்கம்தான் மேல வரும். ஆனா கழுத்துச் சுருக்கு, இடுப்புப் பிடிப்பு எல்லாம் பொம்பளைத் தையல். இப்படித் தைக்கிறவ தலைகீழாப் பட்டன் வைக்க மாட்டா."

"அந்தக் காலத்துல அப்படி இருந்திருக்கும்."

"எந்தக் காலத்துலயும் இருக்காது. கண்ணாடியில பார்த்தா வேணா இப்படித் தெரியும்."

நாத்தனார் அடுத்த துணியை எடுத்து ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். சீட்டம்மா நின்ற இடத்திலேயே நின்றாள்.

மறுநாள் வேலை நேரத்துக்கு ஒரு மணி முன்பே போய்த் தகடுகளை எடுத்தாள். தகட்டின் ஒரு பக்கம் மருந்து பூசி மங்கலாக இருக்கும். மறுபக்கம் வெறும் கண்ணாடி, பளபளக்கும். எந்தப் பக்கத்தை எப்படி வைத்து ஸ்கேன் செய்ய வேண்டும் என்று அவளே பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். தரையில் உட்கார்ந்த பெண்ணின் தகட்டைச் சரியாகத்தான் வைத்திருந்தாள். வெள்ளைச் சட்டைத் தகட்டைத்தான் மாற்றி வைத்துவிட்டாள். படத்தில் இருப்பவளுக்கு மனம் திரும்பியதோ இல்லையோ, தகடு திரும்பிவிட்டது.

சரியாக வைத்துத் திரும்ப ஸ்கேன் செய்தாள். பட்டன்கள் இருக்க வேண்டிய பக்கம் வந்தன. தெளிவாகத் தெரிந்த கை வலது கை. தழும்பிருக்க வேண்டிய இடது கை நாற்காலிக்குப் பின்னால். அங்கே தழும்பு இருந்ததா இல்லையா என்பது அந்த நாற்காலிக்குத்தான் தெரியும்.

ஆராய்ச்சியாளர் கருத்தரங்குக்கு வெளிநாடு போயிருந்தார். போனில் சொன்னாள்.

"அப்போ வரிசை பழையபடியேதானா மேடம்?"

"அதுவும் தெரியாது சார். இப்படித்தான்னும் சொல்ல முடியாது, அப்படித்தான்னும் சொல்ல முடியாது."

"நாளைக்கு வாசிக்கணும். நான் என்ன சொல்றது?"

"நான் தப்பாச் செஞ்சுட்டேன்னு சொல்லுங்க," என்றாள். சொல்லும்போது காது இரண்டும் சுட்டன.

அன்று சாயங்காலமே தபால்காரர் வீட்டுக்குப் போனாள். மாடிப்படி ஏறி மூன்றாவது கதவு. கூடத்தில் நுழைந்ததும் சுவரைப் பார்த்தாள். அவள் கொடுத்த பிரதிகளுக்குச் சட்டம் போட்டாயிற்று. ஆனால் இடம் மாறியிருந்தது. வெள்ளைச் சட்டை முதலில், தலைவிரி கோலம் அடுத்து.

"வாங்க," என்றார் தபால்காரர், மலர்ந்த முகத்தோடு. "அன்னைக்குக் கோபமாத்தான் போனேன். வீட்டுக்கு வந்து யோசிச்சேன். சின்ன வயசிலேருந்து அத்தைன்னா எங்களுக்குப் பயம். நீ பொய் சொன்னியா, அத்தை பார்த்துட்டு இருக்காங்கன்னு அப்பா இந்தப் படத்தைக் காட்டித்தான் மிரட்டுவார். அவங்களும் ஒருநாள் தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு, சிரிப்பை அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்கன்னு தெரிஞ்சதும், எனக்கு என்னவோ அவங்களை ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

இதற்குமேல் எப்படிச் சொல்வது? தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். பிறகு தகடு திரும்பிய கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர் முகம் வாடியது. "பழைய படத்துல வேற பக்கம் பார்த்துக்கிட்டுதான் நின்னாங்க. நானும் கவனிச்சேன். கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வரும்போலன்னு விட்டுட்டேன்." பிறகு தலையை நிமிர்த்தினார். "ஆனா ஒண்ணு. அந்தத் தழும்பு பள்ளிக்கூட விடுதிச் சமையலறையில வெந்நீர் கொட்டி வந்தது. அப்பா சொல்லியிருக்கார். விடுதிக்கு வந்ததே சபையில சேர்ந்த பிறகுதான். அப்போ தழும்போட இருக்கிற படம் எப்படி முன்னாடி எடுத்ததா இருக்கும்? நீங்க சொன்னதுதான் சரி."

சீட்டம்மாவுக்கு மூச்சு வந்தது. விழுந்த சுவர் தானாக எழுந்து நின்றது போலிருந்தது.

உள்ளறையிலிருந்து அவருடைய அக்கா வந்தாள். எண்பது வயதுக்குமேல் இருக்கும். சுவரைப் பிடித்து நடந்தாலும் குரலில் பிசிறில்லை.

"யாருடா சொன்னது விடுதின்னு? குழந்தையில அடுப்புல விழுந்தது அது."

"அப்பாதான் சொன்னார் அக்கா."

"அப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்வார், என்கிட்ட ஒண்ணு சொல்வார். அதுவும் அத்தைக்கு இல்ல. அடுப்புல விழுந்தது சின்ன அத்தை."

தபால்காரர் அக்காவையே பார்த்தார். "சின்ன அத்தையா? அப்படி ஒருத்தர் இருந்தாங்களா?"

"இருந்தா. அத்தையோட தங்கச்சி. அவ சபைக்கு வரல. பழைய வழியிலேயே இருந்து, கட்டிக்கிட்டுப் போயிட்டா. அதனால வீட்டுல அவ பேச்சே எடுக்க மாட்டாங்க. நீ அப்போ பொறக்கவே இல்ல." கிழவி சுவரருகே போய் இரண்டு சட்டங்களையும் உற்றுப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே ஆள்னு யார் சொன்னா?"

"பத்திரிகையில போட்டிருக்கே அக்கா."

"போடுவாங்க."

சீட்டம்மாவும் எழுந்து போய்ப் பார்த்தாள். அதே மூக்கு, அதே நெற்றி. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தபோது கன்னம் வேறாக இருந்தது. கிட்டப் போனால் அதே கன்னம். தலைமுடியை விரித்தால் முகம் மாறாதா? அக்கா தங்கை என்றால் ஒத்துப்போகாதா? பார்க்கப் பார்க்க, தன் முகமே மறந்துவிடும் போலிருந்தது.

"அப்போ இதுல எது உங்க அத்தை?" என்று கேட்டாள்.

"வெள்ளைச் சட்டைதான்," என்ற கிழவி, அடுத்த படத்தின்மேல் விரலை வைத்து நிறுத்தினாள். "ஆனா உட்கார்ந்திருக்கிற தோரணை இவதான் அத்தைங்குது. அத்தை அப்படித்தான் ஒரு முழங்காலை உயர்த்தி உட்காருவா. எனக்கு ஆறு வயசுக்குள்ள பார்த்தது. விடு, தலையைச் சுத்துது."

தபால்காரர் சட்டங்களைக் கழற்றிப் பழையபடி மாற்றி மாட்டப் போனார். பாதியில் நிறுத்தினார். கையில் ஒன்றும் தரையில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு, "எப்படி மாட்டுறது?" என்று சீட்டம்மாவைக் கேட்டார். இரண்டையும் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

இரண்டு நாள் கழித்து ஆராய்ச்சியாளரிடமிருந்து போன். தவறைச் சொல்லித்தான் வாசித்தேன் என்றார். வாசித்து முடித்ததும், வேறொரு நாட்டு மிஷன் காப்பகத்தில் வேலை செய்கிற பெண் ஒருத்தி எழுந்தாளாம். அந்த மணிமாலை எங்கள் படங்களிலும் இருக்கிறது, நாலு பெண்கள் கழுத்தில் பார்த்திருக்கிறேன் என்றாளாம். அதே மிஷனரிதான் எடுத்தவர். இங்கே மாற்றலாகி வருமுன் ஆறு வருஷம் அங்கே இருந்திருக்கிறார். போகிற இடமெல்லாம் மாலையை எடுத்துக்கொண்டே போயிருக்கிறார் மனுஷர்.

"வேஷம் போடவச்சது உறுதி மேடம். நீங்க சொன்னது சரியாப் போச்சு."

"நான் சொன்ன காரணம் தப்பு சார்."

"காரணம் தப்பு. விஷயம் சரி."

போனை வைத்த பிறகு சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. மாலை இரவல் என்றால் கிழிசலும் இரவலாக இருக்கலாம். ஆனால் இரவல் மாலையைப் போட்டுக்கொண்டது அக்காவா, தங்கையா? சபைக்கு வராத தங்கையை எதற்காக மாலை போட்டு உட்காரவைக்க வேண்டும்? ஒருவேளை சும்மா அக்காவைப் பார்க்க வந்தவளை, கொஞ்சம் உட்காரம்மா என்று உட்காரவைத்துவிட்டார்களோ?

மத்தியானம் மிஷன் அலுவலக இயக்குநர் கீழே இறங்கி வந்தார். "சீட்டம்மா, அந்த ஜோடிப் படத்துக்குச் சீட்டு எழுதியாச்சா? கருத்தரங்கில பேர் வந்துடுச்சு. நாலு பேர் கேட்டு வருவாங்க."

"எழுதிட்டு இருக்கேன் ஐயா."

அவர் எட்டிப் பார்த்தார். சீட்டில் இடம் போதாமல், பின்பக்கமும் நிரம்பி, இன்னொரு சீட்டைக் கிளிப் போட்டு இணைத்திருந்தாள். தபால்காரர் சொன்னது, அவர் அக்கா சொன்னது, வெளிநாட்டுக்காரி சொன்னது, பட்டனைப் பற்றி நாத்தனார் சொன்னது. எல்லாவற்றுக்கும் மேலே, இந்தத் தகட்டை நான் ஒருமுறை தவறாக ஸ்கேன் செய்தேன் என்று தன் பெயரோடு எழுதியிருந்தாள்.

"இவ்வளவு எழுதினா யாரு படிப்பா?" என்றார் இயக்குநர். "ஒரே வரியில போடுங்களேன். யாரு அந்தப் பொண்ணு?"

"தெரியல ஐயா," என்றாள் சீட்டம்மா. "பொண்ணா, பொண்ணுங்களான்னே தெரியல."

அவர் சிரித்தார்; பிறகு அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டார். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சீட்டை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.