கரகரப்பு நீக்கிய கார்

ஆவடி ஃபிளாட்டில் அவர்களுக்குச் சாப்பாட்டு மேஜை என்று ஒன்று இருந்தது. இப்போது அதில் அபிஷேக் தன் கார் ரேஸ் கேமின் ஸ்டியரிங்கை முறுக்கி மாட்டியிருக்கிறான். அவன் மனைவி கார்த்திகாவும் மகள் பவ்யாவும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அபிஷேக் துரை மேஜையில் ரேஸ் ஓட்டுகிறார். ஐ.டி. வேலை போக மிச்ச நேரமெல்லாம் துரைக்கு ஒரே கவலைதான். கேமில் காருக்குள் கேட்கிற சத்தம் நிஜம் மாதிரி இல்லையாம்.

"இது எஞ்சினா, மிக்ஸியா? காதுன்னு ஒண்ணு இருந்தா இப்படிப் பண்ணுவானா?" என்று முகம் தெரியாத கேம்காரனைத் திட்டுவான். புருஷன் காதின் லட்சணம் கார்த்திகாவுக்குத் தெரியும்.

வீட்டுக் காரில் தீபாவளியிலிருந்தே பிரேக் மிதித்தால் முன்பக்கம் கரகரவென்று உரசியது. பவ்யா தினமும் பள்ளிக்கூடம் போகிற கார். எத்தனை தடவை சொன்னாலும், "அது ரோட்டுச் சத்தம். மெட்ரோ வேலை நடக்குதுல்ல, மண்ணு" என்பான். மெட்ரோ மண் ஃபிளாட் பார்க்கிங் வரைக்குமா வரும்? கேட்டால், "உனக்கு காரைப் பத்தி என்ன தெரியும்?"

போன ஞாயிறு, கேமுக்கு நிஜச் சத்தத்தைத் தானே பதிவு செய்கிறேன் என்று கிளம்பினான். பின்சீட்டில் பவ்யா பக்கத்தில் மைக்கைக் கட்டி, யாரும் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டு, பூந்தமல்லிக்கு ஓட்டினான். வழியில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. இவன் மிதித்த மிதியில் இரும்பு அலறி, லாரிக்கு ஒரு சாண் தள்ளி கார் நின்றது.

"அபி! பிரேக் பிடிக்கல! குழந்தை இருக்கா பின்னாடி!" என்று கார்த்திகா கத்தினாள்.

"ஐயோ, ரெக்கார்டிங்க கெடுத்துட்டியே!" என்றான். வெட்கமே இல்லாமல்.

இந்த ஞாயிறு காலை ஹெட்போனை அவள் தலையில் மாட்டிவிட்டான். "கேளு. அச்சு அசல் நம்ம கார். கேம் குரூப்ல எல்லாரும் அசந்துட்டாங்க."

கேட்டாள். எஞ்சின் இருந்தது, கியர் இருந்தது, பின்னால் வந்த பஸ்ஸின் ஹார்ன்கூட இருந்தது. கரகரப்பு இல்லை. அவள் கத்தியதும் இல்லை.

"பிரேக் சத்தம் எங்க?"

"அதையெல்லாம் சாஃப்ட்வேர்ல எடுத்துட்டேன். உன் குரலை எடுக்கத்தான் உயிரே போச்சு. இப்பதான் நிஜமா இருக்கு."

ஹெட்போனைக் கழற்றி அவன் தலையிலேயே மாட்டினாள். கார் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, தெருமுனை மெக்கானிக் ஜஸ்டினைக் கூட்டி வந்தாள்.

ஜஸ்டின் காரை இரண்டடி நகர்த்திப் பிரேக் மிதித்தான். "இன்னாக்கா இது, பிரேக் பேடே இல்ல. இரும்பும் இரும்பும் ஒரசிகினு கீது. அண்ணன் ஊட்ல இல்லியா?"

"இருக்கார். ரேஸ்ல."

ஜஸ்டின் மெதுவாக வண்டியை வெளியே எடுத்தான். கேட் அருகே அது போட்ட கரகரப்பில் மூன்று மாடி பால்கனிகளிலும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அபிஷேக் மட்டும் வரவில்லை. அவன் மேலே அதே காரைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான்.