இந்த வருஷம் குளிர் குறைவாம்

அக்டோபர் மூன்றாவது வாரத்தில் வானிலைத் துறை குளிர்காலக் கணிப்பை வெளியிட்டது. வழக்கத்தைவிடக் குளிர் குறைவாக இருக்க வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், பனி எவ்வளவு விழும் என்று இப்போதைக்குச் சொல்வதற்கில்லை. அவ்வளவுதான் செய்தி. டோல்விக் ஊரில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வடக்கு டகோட்டாவில் பிறந்து வளர்ந்தவர்கள், குளிர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள். ஆர்டிஸ் ஹாகன் மட்டும் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி, கடைசி வரி வரை கேட்டாள்.

அன்று மத்தியானமே ட்வைலாவின் காபிக்கடைக்குப் போய், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்.

"இந்த வருஷம் நாங்க அரிசோனா போகலை. குளிர் குறைவாத்தான் இருக்குமாம். எதுக்கு வீணா அவ்வளவு தூரம்?"

சீட்டாடிக்கொண்டிருந்த நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பன்னிரண்டு வருஷமாக நவம்பர் பிறந்ததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு தெற்கே போய், ஏப்ரலில் வெயிலில் கறுத்துத் திரும்பி வருகிற தம்பதி ஆர்டிஸும் வெர்லினும். அங்கே அவர்களுக்கு ஒரு சின்ன டிரெய்லர் வீடு இருந்தது. வாசலில் ஒரு எலுமிச்சை மரம்.

"ரேடியோவுல சொன்னதை நம்பியா?" என்றான் கேலன். விவசாயிகள் கூட்டுறவின் தானியக் கிடங்குக்கு அவன்தான் மேலாளர்.

"ஏன், நம்பக் கூடாதா?"

"போன தடவை இவங்க இப்படிச் சொன்னப்போ என் கொட்டகைக் கூரை காத்துல பறந்து அடுத்த ஊர்ல போய் விழுந்துச்சு."

"ஆணியை ஒழுங்கா அடிச்சிருக்கணும்ப்பா," என்றாள் ஆர்டிஸ். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு அத்தோடு முடிந்தது. அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

உண்மைக் காரணம் செப்டம்பரில் நடந்தது. கண் டாக்டரைப் பார்த்துவிட்டு பிஸ்மார்க்கிலிருந்து திரும்பும்போது, வெர்லின் நெடுஞ்சாலையில் எதிர்ப்பக்கப் பாதையில் ஏறிவிட்டார். எதிரே ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. ஆர்டிஸ் பக்கத்திலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துப் புல்வெளியில் இறக்கினாள். வெர்லின் கொஞ்ச நேரம் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரோட்டை மாத்திட்டானுங்க. ஒரு போர்டாவது வைக்க வேண்டாமா," என்றார்.

மறுநாள் அவருக்கு அது நினைவில்லை. அடுத்த வாரம் ஆர்டிஸ் குடும்ப டாக்டரிடம் தனியாகப் பேசினாள். பல சின்னச் சின்ன விஷயங்களைச் சொன்னாள்: அடுப்பில் வைத்த காபி, பேர் மறந்துபோன மச்சினன், ரெண்டு தடவை வெட்டிய புல். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மத்ததைப் போகப் போகப் பார்ப்போம். வண்டியை மட்டும் கொடுக்காதீங்க," என்றார்.

சொல்வது அவருக்குச் சுலபம். அறுவடைக்காலங்களில் கோதுமை லாரியை முப்பது வருஷம் ஓட்டியவள்தான் ஆர்டிஸ். ஆனால் இருவரும் சேர்ந்து எங்கே போனாலும் வண்டி ஓட்டுவது வெர்லின்தான். கல்யாணம் முடிந்து கோவில் வாசலில் வண்டி ஏறிய நாளிலிருந்து அப்படித்தான். சாவியைக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ரேடியோ அவளுக்காக ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தது. அவள் எடுத்துக்கொண்டாள்.

வெர்லின் ரெண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள், "இந்த வருஷம் குளிர் குறைவுதான். நான்தான் இருந்து பார்ப்போம்னு சொன்னேன்," என்று காபிக்கடையில் தானே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நவம்பர் பாதியில் முதல் பனிப்புயல் அடித்தது. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது, வண்டிகள் போகாதபடி நெடுஞ்சாலையின் குறுக்குக் கேட்டை இழுத்து அடைத்தார்கள். டிசம்பர் முழுக்க ஒன்றன்பின் ஒன்று. கிறிஸ்துமஸ் வாரத்தில் வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்தில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. ஆர்டிஸ் எங்கே போனாலும் ஆள் ஆளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன ஆர்டிஸ், வேர்க்குதா?" என்று கேட்டாள் ட்வைலா.

கேலன் அவர்கள் வீட்டு வாசலில் பனி அள்ள வந்தவன், கதவைத் தட்டி, "உங்க குறைவான குளிர் ஜன்னல் வரைக்கும் வந்து நிக்குது. உள்ளே கூப்பிட்டு ஒரு காபி குடுங்க," என்றான்.

"ஜனவரியில பாரு," என்றாள் அவள்.

ஆனால் ஒவ்வொரு புயலுக்கும் அவள் மனசு லேசானது. புயல் என்றால் ரோடு இல்லை. ரோடு இல்லை என்றால் வெர்லின் சாவியைத் தேடமாட்டார். புயல் இல்லாத நாட்களுக்கு அவள் வேறொரு வழி வைத்திருந்தாள். அந்தக் குளிரில் என்ஜின் உறைந்துவிடாமல் இருக்க, ராத்திரி முழுக்க வண்டியை மின்சார வயரில் செருகி வைக்க வேண்டும். வெர்லின் சாப்பாட்டுக்கு முன்னால் மறக்காமல் செருகிவிட்டு வருவார். அதை மட்டும் அவர் மறக்கவே இல்லை. ஆர்டிஸ் குப்பை போடப் போகிற மாதிரி போய் அதைப் பிடுங்கிவிட்டு வருவாள். காலையில் வண்டி ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கிவிடும்.

"பேட்டரி போயிருச்சு," என்பார் வெர்லின்.

"இந்தக் குளிர்ல யாரு மாத்துவா? அப்புறம் பார்த்துக்கலாம்," என்பாள்.

நாற்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவரை இப்படி ஏமாற்றுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. சில சமயம் வயரைக் கையில் வைத்துக்கொண்டு கேரேஜில் கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு உள்ளே போய் சூப்பைச் சூடாக்குவாள்.

ஜனவரி கடைசியில் ஒரு நாள் மேற்கிலிருந்து காற்று திரும்பியது. ஒரே பகலில் கூரைகள் சொட்டத் தொடங்கின. தெருவில் தார் தெரிந்தது. பையன்கள் கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். இன்னும் பத்து நாளைக்கு இப்படித்தான் என்றது ரேடியோ. "ஆர்டிஸோட குளிர்காலம் வந்திருச்சு," என்று ஊரே அவளுக்கு வாழ்த்துச் சொன்னது. அவளும் சிரித்துவைத்தாள்.

மறுநாள் காலை லூத்தரன் கோவிலில் ஒரு சாவுச் சாப்பாடு. ஆர்டிஸுக்கு உருளைக்கிழங்கு வேக வைக்கிற வேலை. வெர்லின் தூங்கப் போவதாகச் சொன்னார். வழக்கம்போல முந்தின ராத்திரியே அவள் வயரைப் பிடுங்கியிருந்தாள். இப்படிக் குளிர் விட்ட காலையில் வண்டிக்கு வயரே வேண்டாம் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் திரும்பியபோது கேரேஜ் கதவு திறந்து கிடந்தது. வண்டி இல்லை. உள்ளே போய்ப் பார்த்தாள். படுக்கையறையில் அலமாரி திறந்திருந்தது. பெரிய பெட்டியைக் காணோம். அவருடைய அரைக்கைச் சட்டைகளைக் காணோம். அவளுடைய செருப்பு, வெயில் தொப்பி, பூப்போட்ட ரெண்டு கவுன், எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறார்.

ஆர்டிஸ் கோட்டைக்கூடப் போடாமல் தெருவைக் கடந்து தானியக் கிடங்கு அலுவலகத்துக்கு ஓடினாள். கேலன் நாற்காலியில் சாய்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்க, வாங்க. வெயில் எப்படி..."

"வெர்லின் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான். அவன் ஓட்டக் கூடாது, கேலன். அவனுக்கு ஞாபகம் சரியில்லை. செப்டம்பர்லேருந்தே சரியில்லை."

டாக்டரைத் தவிர வேறு ஒருவரிடமும் சொல்லாத வார்த்தைகள் அவ்வளவு சுலபமாக வந்துவிட்டன. கேலன் சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஷெரிஃபுக்குப் போன் செய்தான். கிடங்கு ஆட்கள் ரெண்டு பேரை வண்டி கொடுத்துக் கிழக்கேயும் மேற்கேயும் அனுப்பினான். அவளுக்குத் தன் கோட்டைக் கொடுத்து உட்காரச் சொன்னான். எல்லோரும் சுற்றுவட்டாரத்தில்தான் தேடினார்கள். பெட்டியைப் பற்றி அவள் சொன்ன பிறகுதான் கேலன், "அப்போ தெற்கே," என்றான். அவன் மறுபடியும் போனை எடுக்கப் போகும்போது அதுவே அடித்தது.

தெற்கு டகோட்டாவில், எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து ஒரு பெண் பேசினாள். இங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், அவர் தொப்பியில் உங்கள் கூட்டுறவின் பெயர் போட்டிருக்கிறது, அவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியும்," என்றான் கேலன். "அவரை அங்கேயே பிடிச்சு வச்சுக்கோம்மா. சாப்பிட ஏதாவது குடு. நாங்க வர்றோம்."

கேலனின் பிக்கப்பில் கிளம்பினார்கள். ரோட்டின் ரெண்டு பக்கமும் வயல்களில் உருகிய தண்ணீர் தேங்கி மின்னியது. பிறகு கேலன் கேட்டான்.

"குளிர் குறைவுன்னு சொன்னது இதுக்காகத்தானா?"

"ஆமா."

"மூணு மாசமா உங்களைக் கிண்டல் பண்ணியே சாகடிச்சிட்டேன்."

"பண்ணினது நல்லதுதான்ப்பா. எல்லாரும் என்னையே பார்த்துச் சிரிச்சுட்டிருந்தீங்க. அவனை யாரும் பார்க்கலை."

கேலன் கொஞ்சம் யோசித்தான். "பார்த்தோம், ஆர்டிஸ். சீட்டாட்டத்துல துருப்பு எதுன்னு ஒரே ஆட்டத்துல நாலு தடவை கேட்டாரு. நாங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். ஆனா வாயைத் திறக்கலை."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. தனியாகச் சுமந்ததாக நினைத்த மூட்டையில் ஒரு முனையை வேறு யாரோ பிடித்திருந்த மாதிரி இருந்தது.

பெட்ரோல் பங்கில் நுழைந்ததும் அவரைப் பார்த்துவிட்டாள். பெண்கள் கழிவறைக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் காகிதக் கோப்பை. மடியில் பிரிக்காத சாண்ட்விச். கல்லாவில் நீல நகப்பூச்சுப் போட்ட ஒரு பெண் எழுந்து வந்தாள்.

"நீங்கதானா அவர் வீட்டம்மா? உள்ளே போயிருக்காங்க, இப்போ வந்துருவாங்கன்னு சொல்லிட்டே இருக்கார். நான் ரெண்டு தடவை கதவைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே யாருமில்லைன்னு அவர்கிட்ட சொல்ல மனசு வரலை."

ஆர்டிஸ் பின்பக்கமாக வந்ததை வெர்லின் கவனிக்கவில்லை. அவள் தோளைத் தொட்டதும் திரும்பினார்.

"எவ்வளவு நேரம் ஆர்டிஸ்? காபியே ஆறிப்போச்சு."

கூட்டமா இருந்தது என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் உன்கூட வரலை, வெர்லின். நீ தனியா வந்துட்டே."

அவர் கழிவறைக் கதவைப் பார்த்தார். பிறகு அவள் போட்டிருந்த கேலனின் கோட்டைப் பார்த்தார்.

"தனியாவா?"

"ஆமா."

"இவ்வளவு தூரம்?"

"ஆமா. டாக்டர் உன்னை ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. நான்தான் உன்கிட்ட சொல்லலை. குளிர் குறைவு, அது இதுன்னு கதை விட்டேன். பேட்டரியும் நல்லாத்தான் இருக்கு. நான்தான் தினம் வயரைப் பிடுங்கினேன்."

அலமாரிப் பக்கம் சிப்ஸ் பாக்கெட்டுகளைப் படிப்பது போல் நின்றான் கேலன்.

"நீ பக்கத்துலதான் இருந்தே," என்றார் வெர்லின். "ரெண்டு தடவை வேகத்தைக் குறைன்னு சொன்னே."

"இருந்திருந்தா சொல்லியிருப்பேன்."

வெர்லின் சட்டைப் பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவளிடம் நீட்டினார்.

"அப்போ நீயே ஓட்டு. எந்தப் பக்கம் போகணும்?"

"வீட்டுக்கு. ஊரை விட்டுப் போறதுன்னா தண்ணிக் குழாயெல்லாம் மூடணும்ல, மூடாம வந்திருக்கோம்."

"அதை மறந்துட்டேனா," என்றார்.

திரும்பும்போது கேலன் பின்னால் வந்தான். ஆர்டிஸ் ஸ்டியரிங்கைப் பிடித்த பத்தாவது நிமிஷத்திலிருந்து வெர்லின் குறை சொல்ல ஆரம்பித்தார். ஓரமாப் போறே. விளக்கை இறக்கு. அந்த லாரிக்காரனை முந்தாதே. கோதுமை லாரியை ஓட்டின நாளிலிருந்து இவளுக்கு பிரேக் என்றால் என்னவென்றே தெரியாது. எல்லை வரும்வரை அப்படியே. பிறகு தூங்கிவிட்டார்.

பத்து நாள் என்று சொன்ன இளங்குளிர் நாலே நாளில் முடிந்தது. பிப்ரவரி முழுக்கத் தாடை நடுங்கியது. வண்டி வயரில் செருகியபடியே இருந்தது, சாவி ஆர்டிஸின் கைப்பையில். இப்போது ஊருக்கே விஷயம் தெரியும். காலையில் கேலனோ, சீட்டுக் கூட்டத்தில் வேறு யாரோ ஒருவர் வந்து வெர்லினைக் காபிக்கடைக்கு அழைத்துப் போனார்கள். அந்த நேரத்தில் அவள் துணி துவைத்தாள், சில நாள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

வாரத்தில் ஒரு தடவையாவது, எப்போது அரிசோனா கிளம்புகிறோம் என்று வெர்லின் கேட்பார். சாவி எங்கே என்பார். அவள் ஒவ்வொரு தடவையும் உள்ளதைச் சொன்னாள். சில நாள் அவர் சரி என்று விட்டுவிட்டார். சில நாள் கோபம் வந்து, நான் ஓட்டாத வண்டியா என்று கத்தினார். அப்படிப்பட்ட நாட்களில் அவள் ரெண்டு பேருடைய கோட்டையும் எடுத்து வந்து, அவருக்கு மாட்டிவிட்டு, கையைக் கோத்துக்கொண்டு ரயில் பாதை வரைக்கும் நடந்து போய்விட்டு வருவாள். அந்தக் குளிரில் யாராலும் ரொம்ப நேரம் கோபமாக இருக்க முடியாது.