ஜூலை இருபத்து நான்காம் தேதித் தாள்

எங்கள் விடுதியில் ஆளுக்கொரு தினசரி காலண்டர் உண்டு. மாதவிடாய் வர வேண்டிய தேதியில் வராவிட்டால் அன்றைய தாள் கிழியாது. தாள் கிழியும்வரை அந்த அறையில் அதே நாள்தான். என் அறையில் ஏழு மாதமாக ஜூலை இருபத்து நான்கு.

வராந்தாவில் பிப்ரவரி வெயில் அடிக்கும். கதவைத் திறந்து உள்ளே போனால் ஆடிக் காற்று, ஜன்னலில் சாரல், கொடியில் காயாத துணி. எதிர்க் கட்டிலில் பெனிட்டா, மறுநாள் காலை ஓசூருக்கு வேலையில் சேரப் போவதற்காகப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள். ஏழு மாதமாகக் கட்டுகிறாள். ஓசூரில் அவள் வேலையில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிவிட்டது என்பதும் உண்மைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்து போன் செய்வாள்.

“ஏட்டி பிரம்மசக்தி, நான் இன்னும் அங்கதான் இருக்கேனா?”

“இருக்க. பெட்டி கட்டிக்கிட்டு இருக்க.”

“என் நீலத் துப்பட்டா கொடியில கெடக்கும். மறந்திராம எடுத்து வைக்கச் சொல்லு.”

அது எனக்குப் பிடித்த நாள், அதை நான் மறுக்கவில்லை. வறுத்த கடலையை நடுவில் வைத்துக்கொண்டு, கடவுள் உண்டா இல்லையா என்று அன்று காலையிலிருந்து சண்டை போட்டோம். இன்னும் முடியவில்லை. ஆனால் நாள்தான் நின்றதே தவிர உடம்பு நிற்கவில்லை. தாடையில் முடி முளைத்தது. தலைமுடி சீப்போடு வந்தது. ஆய்வேட்டை பிப்ரவரி இருபத்தெட்டுக்குள் கொடுக்க வேண்டும். ஜூலைத் தேதியிட்டது செல்லாது என்று நெறியாளர் இரண்டு முறை திருப்பிவிட்டார். மூன்றாம் முறையும் திருப்பினால் இந்த வருடம் போய்விடும்.

காலண்டரைப் பையில் போட்டுக்கொண்டு பெரிய தெருவில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் ஸ்கேனைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

“நீர்க்கட்டிதான். இப்ப எல்லாப் பொண்ணுங்களுக்கும் இருக்கு. வெயிட்டைக் குறைம்மா. கல்யாணம் ஆனா தானா சரியாப் போயிரும்.”

“என்கிட்ட இருக்கிறது ஆடி எட்டாம் தேதி மட்டும்தான் சார். ஆடியில யார் கல்யாணம் வைப்பா?”

அவர் காலண்டரை வாங்கிப் பார்த்தார். ஆடி எட்டுதான்.

“அப்போ ஆவணியில வை.”

“ஆவணி வரணும்னா தாள் கிழியணும். தாள் கிழியணும்னுதான் உங்ககிட்ட வந்திருக்கேன்.”

அவர் மணியை அழுத்தினார். அடுத்த ஆள் உள்ளே வந்தாள். மொத்தம் மூன்று நிமிடம். நான் இன்னும் உட்கார்ந்துதான் இருந்தேன்.

அறைக்கு வந்து பெனிட்டாவிடம் சொன்னேன். அவள் சேலையை மடித்தபடியே கேட்டாள்.

“நீ வாயால கேட்டியாக்கும்?”

“பின்னே?”

“நீ கேட்டா சண்டை மாதிரி இருக்கும்ளா. தாள்ல எழுதிக் கொண்டு போ. டாக்டர் ஆவுடைநாயகின்னு ஒருத்தங்க இருக்காங்க, முழுசாக் கேப்பாங்க.”

“தாள் கிழிஞ்சா நீ போயிருவியே.”

“போகத்தானே பெட்டி கட்டுதேன்.”

ஒன்பது கேள்விகள் எழுதினேன். டாக்டர் ஆவுடைநாயகி பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒன்பதையும் காதுகொடுத்துக் கேட்டார். பிறகு அவர் பதினான்கு கேள்வி கேட்டார். வீட்டில் யாருக்குச் சர்க்கரை, முடி எப்போதிலிருந்து கொட்டுகிறது, தூக்கம் எப்படி என்று. ரத்தம் எடுக்கச் சொல்லி, முடிவுகளைப் பார்த்தார்.

“இது சோம்பேறித்தனத்தால வாரது இல்ல. நடக்கணும், சாப்பாட்டைக் கவனிக்கணும், அது சரி. அதுக்காக மாசக்கணக்கா வராம விடக் கூடாது, கர்ப்பப்பைக்கு நல்லதில்ல. கல்யாணம் மருந்துக் கடையில கிடைக்காது. இந்த மாத்திரை கிடைக்கும். ஒரு நாளைக்கு ஒண்ணு, பத்து நாள். அப்புறம் தாள் கிழியும். அதுக்குப் பிறகும் என்கிட்ட வரணும்.”

“என் அறையில நாள் ஒண்ணுதான் டாக்டர்.”

“அப்போ வராந்தாவுல நின்னு போடு.”

பத்து நாளும் வராந்தாவில் நின்று போட்டேன். மூன்றாம் நாள் வார்டன் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து வைத்தார். “ஈரக்காலோட வெளிய வராதே, மத்தவளுக வழுக்கி விழுதாளுக” என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரி பதினேழு காலையில் வயிற்றுவலியோடு வந்தது. காலண்டரைத் தொட்டதும் தாள் கையோடு வந்தது. சாரல் நின்றது. பெனிட்டா பெட்டியைப் பூட்டினாள். கொடியிலிருந்த நீலத் துப்பட்டா காய்ந்திருந்தது. எடுத்து அவள் தோளில் போட்டேன்.

“கடவுள் விஷயம்?” என்றேன்.

“பாதியிலயே கெடக்கட்டும்,” என்று படியிறங்கிப் போனாள்.

மீதித் தாள்கள் ஒரே கொத்தாகக் கழன்று விழுந்தன. அறை சட்டென்று வெக்கையானது. ஆய்வேட்டில் தேதியைத் திருத்திக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நெறியாளர் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஓசூரிலிருந்து போன் வந்தது.

“ஏட்டி, இங்க ஒருத்தி பெட்டியோட வந்து நிக்கா.”

“யாரு?”

“நான்தான்.”

“துப்பட்டா கொண்டாந்திருக்காளா?”

“போட்டிருக்கா. இனி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேலைக்குப் போறதா பேசிக்கிட்டோம். இன்னைக்கு அவ முறை.”

“அப்போ எப்பவும் ஒருத்திக்கு லீவுதானே. இங்க அனுப்பு, எதிர்க் கட்டில் காலியாத்தான் கெடக்கு.”

“சரி, கடலை வறுத்து வை” என்றாள்.