பத்தொன்பதாம் சிக்னல்

சிதம்பரம் மேல வீதி ஆபீஸிலிருந்து கடலூர் ஃபேக்டரிவரை ஒரே காரில் வந்தும் இளமதியும் அவளுடைய மேலதிகாரி தேவநாதனும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆலப்பாக்கத்தில் டிரைவர் டீக்கு நிறுத்தியபோது ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்று குடித்தார்கள். அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சண்டை சின்ன விஷயத்துக்கு இல்லை. ஃபேக்டரியில் மேல் தொட்டியிலிருந்து கீழ்த் தொட்டிக்கு ஆசிட் இறங்கும் வால்வைக் கவனிப்பது, அரதப் பழசான ஒரு யூனிக்ஸ் புரோகிராம். அதைப் புது கம்ப்யூட்டரின் லினக்ஸில் ஓடவைக்க, லினக்ஸின் அடிமையமான கர்னலுக்குள் பழைய யூனிக்ஸ் மாதிரியே நடந்துகொள்ளும் ஒரு பகுதியை இளமதி ஆறு மாதம் உட்கார்ந்து எழுதினாள். பழைய யூனிக்ஸ் வழக்கப்படி, கரண்ட் போனால் வால்வு புரோகிராமுக்குப் பத்தொன்பதாம் எண் சிக்னல் வரும். வந்ததும் அது வால்வை மூடிவிட வேண்டும். ஆனால் லினக்ஸில் பத்தொன்பது என்றால், இருந்த இடத்தில் அப்படியே உறைந்து நில் என்று அர்த்தம். எந்த புரோகிராமும் அதை மீற முடியாது. அதனால்தான் எண்களை மாற்றிக்கொடுக்க அவள் ஓர் அட்டவணை வைத்திருந்தாள்.

அந்த அட்டவணையைத் தேவநாதன் தூக்கிவிட்டார். முதல் ஐந்தாறு எண்களை ஒப்பிட்டுப் பார்த்தாராம், ஒன்றாகத்தான் இருந்ததாம், பிறகு எதற்கு வீண் சுமை என்றாராம். பெரிய மனிதர், யாரையும் கேட்கவேண்டியதில்லை! அவள் அதைக் கண்டுபிடித்ததே நேற்றுதான்.

"மூணு மாசமா ஷட்டவுன் டெஸ்ட் பாஸ் ஆயிருக்கு. ஒனக்கு என்னதான் பிரச்சனை?" என்றார் தேவநாதன், கன்ட்ரோல் ரூமில் நுழைந்ததும். மாதாமாதம் பராமரிப்புக்காக மின்வாரியம் ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தும் நாள்தான் அவர்களுடைய டெஸ்ட் நாள். இன்றும் பாஸ் ஆனால் திங்கட்கிழமையிலிருந்து வால்வுப் பக்கம் ஆளே கிடையாது, எல்லாம் புரோகிராம்தான்.

"பாஸ் ஆயிருக்கவே முடியாது சார்."

"அப்ப ஸ்க்ரீன் பொய் சொல்லுதா?"

எட்டே முக்காலுக்கு வால்வு ஆபரேட்டர் ஆரோக்கியராஜ் கையுறையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"எங்கண்ணே போறீங்க?" என்றாள் இளமதி.

"வால்வ மூடத்தான். ஷட்டவுன் அன்னைக்கு ஒம்போதுக்கு முன்னாடியே கையால மூடிடுவோம். பதினெட்டு வருசமா இதான் வழக்கம்."

இளமதிக்கு விஷயம் புரிந்துவிட்டது. மூடிய வால்வை வைத்துக்கொண்டுதான் மூன்று மாதமும் டெஸ்ட் நடந்திருக்கிறது.

"இன்னைக்கு மூடாதீங்கண்ணே. டெஸ்டுக்கு வெறும் தண்ணிதானே வுட்ருக்கு."

"நீங்க போயி மூடுங்க ஆரோக்கியராஜ்!" தேவநாதன் கத்தினார். "இவ சொல்றதக் கேக்காதீங்க."

இளமதி வாசலை மறித்து நின்றாள். ஆரோக்கியராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையுறையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பதுக்குக் கரண்ட் போனது. யூபிஎஸ்ஸில் திரை மட்டும் எரிந்தது. அதில் வால்வு புரோகிராமின் கடிகாரம் ஒன்பது மணி நான்கு விநாடியில் உறைந்து நின்றது. வால்வு திறந்தபடியே இருந்தது. சற்று நேரத்தில் கீழ்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது.

ஆரோக்கியராஜ் ஓடினார். கையால் மூடிவிட்டுத் தொப்பலாக நனைந்து திரும்பினார்.

"ஏதோ ஹேங் ஆயிடுச்சி, ரீஸ்டார்ட் பண்ணா..." என்று தேவநாதன் இழுத்தார்.

"இது ஆசிட்டா இருந்தா நான் இங்க வந்து நிப்பனாய்யா?" ஆரோக்கியராஜ் குரலில் மரியாதை போய்விட்டது. "மூணு மாசமா பாஸ் ஆனது ஒங்க புரோகிராம் இல்ல, நான்!"

இளமதிக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றிக் களிப்பு எட்டிப்பார்த்தது. ஒரு கணம்தான். ஆரோக்கியராஜ் மேசையிலிருந்த டெஸ்ட் ஃபைலைப் பிரித்து அவள் முன்னால் போட்டார். மூன்று தாளிலும் தேவநாதன் கையெழுத்துக்குக் கீழே அவளுடையது.

"இது யார் போட்டது?"

"நான்தாண்ணே."

"அன்னைக்கு நீ இங்க வந்தியா?"

வரவில்லை. சிதம்பரத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து, வால்வு மூடியிருப்பதாகத் திரையில் பார்த்துவிட்டுப் போட்ட கையெழுத்து. யார் மூடியது என்று ஒரு போன் போட்டுக்கூட அவள் கேட்கவில்லை. வெட்கத்தில் அவளுக்கு முகம் எரிந்தது.

பேனாவை எடுத்து மூன்று தாளிலும் 'பாஸ்' என்பதை அடித்து 'ஃபெயில்' என்று எழுதினாள். தேவநாதன் தடுக்கக் கை நீட்டினார். ஆரோக்கியராஜ் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டார்.

"அட்டவணையத் திரும்பப் போட்டுத் தந்துடறேண்ணே. திங்கக்கெழமைக்குள்ள சரியாயிடும்," என்றாள் இளமதி.

"நீ என்ன வேணா போடு," என்றார் ஆரோக்கியராஜ், நனைந்த கையுறையைப் பிழிந்துகொண்டே. "திங்கக்கெழம நான் வால்வுகிட்டதான் நிப்பேன். ஒங்க ரெண்டு பேர் கையெழுத்தயும் நம்பி எவனையும் கீழ நிக்க வுடமாட்டேன்."