மாரிசாமி ஒரு வரி எழுதிக் காட்டுகிறார்

1.

குளியலறைக்கு டைல்ஸ் எடுக்கப் போன இடத்தில் இந்தக் கதை கிடைத்தது. மைசூரில், ஹுணசூர் ரோட்டுக் கடை ஒன்றில் விற்பனையாளராக இருக்கும் மாரிசாமி, எனக்கு ஒரு வெள்ளை டைல்ஸைத் தட்டிக் காட்டிக்கொண்டே, பக்கத்தில் நின்றவருக்குக் கம்ப்யூட்டர் எடிட்டர் ஒன்றைக் கற்க எந்தப் புத்தகம் தேறும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். டைல்ஸ் எனக்கு மறந்தே போனது. எங்கள் குளியலறையில் இன்னும் சிமெண்டுத் தரைதான்.

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

சாமுண்டி மலையின் விளக்குகள் ஒவ்வொன்றாக

(வேண்டாம். மைசூர்க் கதை என்றாலே இந்த மலை கூப்பிடாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.)

அடுத்தது: ‘உமாதேவியை ஆபீசில் விம் கற்கச் சொன்னார்கள்.’ இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

2.

உமாதேவி மாரிசாமியின் மனைவி. மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின், மைசூரிலேயே ஹெப்பாளில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். “நீ போ புள்ள, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்று அனுப்பி வைத்தவர் மாரிசாமிதான். சொன்னபடி பார்த்தும் கொண்டார். குழம்பு வைத்தார், மகளுக்குச் சடை பின்னினார். ஆனால் அவளுடைய ஆபீஸ் வேலை என்று வந்தால் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அது அவருக்கு ஒரு குறை.

“ஏனுங்க, எங்க மேனேஜர் ஸ்ரீகர் சார் எனக்கு டெஸ்ட் வெக்கப் போறாருங்க. விம் தெரிஞ்சாத்தான் வேல நிரந்தரமாம்.”

“பாத்திரம் வெளக்கறதுக்கா டெஸ்ட்டு?”

(சோப்பு அல்ல. அதே பெயரில் கம்ப்யூட்டரில் ஒன்று இருக்கிறது. மவுஸைத் தொடாமல், விசைகளை மட்டும் தட்டிக் கோப்புகளைத் திருத்துவதற்கு. கற்பது கடினம் என்பார்கள். கற்றவர்கள் அதைப் பற்றியே பேசிக் கொல்வார்கள்.)

“எதுல படிக்கறதுன்னே தெரியலீங்க. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.”

மாரிசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆயிரம் இருக்கும் இடத்தில் ஒன்றை எடுத்துக் கொடுப்பதுதானே அவர் தொழில்?

“அவசரப்பட்டு எதையும் தொடங்கிப்போடாத. தப்பான டைல்ஸ ஒட்டிப்போட்டா பேத்தெடுக்கறது எவ்வளவு செரமம்! மூளையும் அப்புடித்தான். நல்லதா ஒண்ண நான் எடுத்துத் தாரேன்.”

3.

கடைக்கு வரும் இன்ஜினியர்களை எல்லாம் அவர் விசாரித்தார். ஒருவர் தடிப் புத்தகம் ஒன்றைச் சொன்னார். மாரிசாமி அதை வரவழைத்து, தாளைத் தடவி, கையில் தூக்கிப் பார்த்தார். “கனம் ஜாஸ்தி. இது அலமாரிக்குத்தான் ஆகும்.” வீடியோ பாடத்தைச் சற்று ஓடவிட்டார். “பேச்சு வழவழன்னு இருக்குது. கால் வெச்சா வழுக்கும்.” விளையாடியே கற்கலாம் என்று ஒரு விளையாட்டைக் காட்டினார்கள். “வெளையாடி முடிச்சா வெளையாட்டுத்தான் தெரியும்.” எடிட்டரோடு கூடவே ஒரு சின்னப் பாடம் இலவசமாக வருகிறது என்று ஒரு பெண் சொன்னாள். மாரிசாமி சிரித்துவிட்டார். “இனாமா வர்றது எப்பவும் பழைய ஸ்டாக்குங்க.”

இந்தத் தீர்ப்புகளை வாட்ஸப்பில் குரல் செய்தியாக மனைவிக்கு அனுப்பினார். அவள் ஒரு தோழிக்கு அனுப்பினாள். அதன்பின் நடந்ததை நம்புவது உங்கள் பாடு. டைல்ஸ் வேண்டாதவர்கள் கடைக்கு வரத் தொடங்கினார்கள். கொள்ளேகாலிலிருந்து ஒரு கூட்டம் பஸ் பிடித்து வந்தது. முதலாளி நாற்காலி போட்டார். வெறுங்கையோடு திரும்பக் கூசியவர்கள் ஆளுக்கொரு டைல்ஸ் வாங்கிப் போனார்கள். ‘எதில் படிக்கலாம்’ என்று கேட்க வந்த ஒருவரும் அந்த எடிட்டரைத் திறந்ததில்லை. மாரிசாமியும்தான்.

4.

இங்கே எனக்கு உமாதேவி மேல் சந்தேகம் வந்தது. விவரம் தெரிந்தவள் எதற்காகக் காத்திருக்கிறாள்? போன வரைவில் அவளைக் கோபப்படுத்திப் பார்த்தேன்:

உமாதேவி புத்தகத்தைத் தூக்கி

(எறியவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

காத்திருக்கவே இல்லை என்பதுதான் உண்மை. மதிய இடைவேளையில், ஒரு கையில் தயிர்சாதமும் மறு கை விசையிலுமாக, அந்த இலவசப் பாடத்தைத் திறந்து தினம் கொஞ்சம் படித்துவந்தாள். அது அவளுக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது. வீட்டில்தான் சொல்ல முடியவில்லை. நாளெல்லாம் நின்ற காலோடு வந்து, “இன்னிக்கு ரெண்டு புஸ்தகத்தக் கழிச்சுப்போட்டேன் புள்ள” என்று முகம் மலரச் சொல்லும் மனிதரிடம் எப்படிச் சொல்வாள்?

“அப்படீங்களா?” என்று மட்டும் கேட்டுக்கொள்வாள்.

5.

புது பிளாட்டுக்கு டைல்ஸ் பார்க்க ஸ்ரீகர் அந்தக் கடைக்கே வந்துவிட்டார். மாரிசாமி பேசுவதைக் கேட்டுச் சொக்கிப்போய், பெயரும் கம்பெனியும் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார்.

“நம்ம டீமுக்கு ஒரு டாக் குடுக்கணும் சார். பேடா, வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க.”

“உங்க உமாதேவி நம்ம வீட்டுக்காரிதானுங்க.”

“ஹௌதா, அப்படியா! அப்போ டாக் முடிஞ்ச கையோட அவங்க டெஸ்ட்டையும் வெச்சிடலாம். வீட்லயே எக்ஸ்பர்ட் இருக்காரே!”

அன்று மாலை உமாதேவிக்கு இந்தச் செய்தி கிடைத்தபோது, அவள் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் முழுகிவிட்டது.

“வேண்டாமுங்க.”

“ஏன் புள்ள? உன் ஆபீசுக்கு நானும் ஒருநாள் வரக் கூடாதா?”

அவள் குனிந்து குழம்புக்குள் கரண்டியைத் தேடினாள்.

6.

மாரிசாமி இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அருமையாகப் பேசினார். மூன்றாம் வரிசையில் உமாதேவி கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைதட்டல் ஓயவில்லை. தன்னையறியாமல் அவளும் தட்டினாள்.

ஸ்ரீகர் உற்சாகம் தாங்காமல் பெரிய திரையில் எடிட்டரைத் திறந்து, ‘வெல்கம் மாரிசாமி சார்’ என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டு விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினார்.

“நீங்களே ஒரு வரி எழுதிக் காட்டுங்க சார்.”

மாரிசாமி முதன்முதலாக அதன்மேல் விரல் வைத்தார். யோசிக்காமல் ஆங்கிலத்தில் அடிக்க வருவது அவருக்கு ஒரே பெயர். குரல் செய்தி அனுப்பப் போனில் தினமும் தேடும் பெயர். யு என்று தட்டினார். வரவேற்பு வரி காணாமல் போனது. கூட்டம் வித்தை என்று நினைத்துக் கைதட்டியது. எம் தட்டினார். ஏ தட்டினார். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.*

(*அந்த எடிட்டரில் எழுத வேண்டுமானால் முதலில் ஐ என்ற விசையைத் தட்ட வேண்டும். எழுதி முடித்ததும் அந்த நிலையை அணைத்துவிடுவார்கள்; ஸ்ரீகரும் அணைத்துவிட்டிருந்தார். மறுபடி ஐ தட்டாதவரை ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. யு என்றால் கடைசியாகச் செய்ததை ரத்து செய். எம்மும் ஏ-யும் சேர்ந்தால் இந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள். இதை நான் சோடிக்கவில்லை.)

கைதட்டல் அடங்கியது. மாரிசாமியின் காதோரம் வேர்த்தது. மெல்லத் தலையைத் திருப்பி மூன்றாம் வரிசையைப் பார்த்தார்.

7.

அந்த நேரம் பார்த்துக் கரெண்ட்

(அடித்துவிட்டேன். எனக்கு வேண்டும்போது மைசூரில் கரெண்ட் போவதில்லை.)

‘ஐ’ என்று அவள் சத்தமாகச் சொல்வதாக ஒரு முடிவு எழுதினேன். வேலை நிரந்தரமாகிறது. இரவு சோற்றைப் பிசைந்தபடி மாரிசாமி கேட்கிறார்: “அந்த இனாம்ல வர்றதா, புள்ள?” அதற்குமேல் எழுத வரவில்லை. அவள் பேசாமல் இருப்பதாக இன்னொன்று எழுதினேன். அதில் அவர் வீடு வரைக்கும் எந்தக் கடையின் போர்டையும் நிமிர்ந்து பார்க்காமல் பஸ்ஸில் வருகிறார். அதையும் வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஸ்ரீகர், “சார்?” என்கிறார். மாரிசாமியின் விரல் விசைப்பலகைமேல் அந்தரத்தில் நிற்கிறது. உமாதேவி எழுந்துவிட்டாள், வாயும் திறந்துவிட்டது. என்ன சொன்னாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதுமுன் ஐ தட்ட மறக்காதீர்கள்.