ஆயில் மீட்டர் முள்

ஸ்ரீரங்கத்துக்குச் சவாரி ஏற்றிய செல்லக்கண்ணுவின் கண் பாதி ரோட்டிலும் பாதி ஆயில் அழுத்தம் காட்டும் மீட்டரிலும் கிடந்தது. சத்திரம் டாக்ஸி ஸ்டாண்டில் கிளப்பும்போது நாற்பதில் நின்ற முள், காவேரிப் பாலத்தில் வேகம் பிடித்ததும் இருபது, பாலம் இறங்குமுன் பத்து. ஆயில் ஏறாத எஞ்சின் தன்னைத்தானே தின்றுவிடும். இது டிரைவர் செல்லக்கண்ணுவுக்குத் தெரியும்.

கன்டோன்மெண்டில் ஒரு பெரிய பட்டறையில் போன வாரம் பானெட்டைக்கூடத் தூக்காமல் சொல்லிவிட்டார்கள்: "பேரிங் எல்லாம் தேஞ்சு போச்சு. எஞ்சினை இறக்கணும்."

அதற்கு அவனிடம் வழியில்லை. அந்த லாண்ட்மாஸ்டர் வண்டிதான் வீட்டில் உலை வைப்பது. கெட்ட வண்டியை நல்ல வண்டி என்று யார் தலையிலாவது கட்டிவிட முடிவு செய்தான். அகப்பட்டவர் ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயரான பிலோமின்ராஜ். மாலை நாலு மணிக்குப் பாலக்கரைக்கு வந்து வண்டியைப் பார்க்கிறேன் என்றிருந்தார்.

சவாரியை இறக்கிவிட்டு, பாலக்கரையில் முகம்மது கனி பட்டறைக்கு வண்டியை விட்டான்.

"பாய், கெட்டி ஆயிலா ஊத்துங்க. நாலு மணிக்கு முள்ளு நின்னா போதும்."

"அஞ்சு மணிக்கு?"

"அது வாங்கறவர் பாடு."

கனி பாய் பானெட்டைத் திறந்தார். ஆயில் குச்சியை உருவி, விரலில் தேய்த்து மோந்து பார்த்தார். அளவு சரி, பெட்ரோல் வாடை இல்லை. வண்டியின் மீட்டரை நம்பாமல் தன்னுடைய மீட்டரை மாட்டிப் பார்த்தார். அதுவும் அதையேதான் காட்டியது. ஒரு மரக்கட்டையை எஞ்சினில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து வெகு நேரம் கேட்டார். டாக்டர்கூட அவ்வளவு பொறுமையாகக் கேட்கமாட்டார்.

"பேரிங் தட்டற சத்தமே இல்லையே. ஆக்ஸிலேட்டரை மிதி."

மிதித்தான். முள் விழுந்தது.

"தேஞ்ச பேரிங்னா வண்டி சூடாகி மெதுவா ஓடறப்பதான் முள்ளு விழும். வேகம் குடுத்தா ஏறும். உன் வண்டி தலைகீழா நடக்குது. கீழேருந்து ஆயிலை உறிஞ்சற வாயை ஏதோ அடைக்குது. சம்ப்பை இறக்குவோம்."

செல்லக்கண்ணு எந்தப் பட்டறைக்காரனையும் நம்பாதவன். கழற்றுகிற ஒவ்வொரு சாமானிலும் ஆணியால் கீறல் போட்டுவிடுவான், மாற்றிவிடுவார்கள் என்று. எஞ்சினுக்கு அடியில் ஆயில் கிடக்கும் தொட்டியான சம்ப் கீழே வந்ததும் அதிலும் கீறினான். பிறகுதான் டீ குடிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது ஒரு பேப்பரின் மேல் கறுத்துச் சுருண்ட துணி ஒன்று கிடந்தது. கனி பாய் அதை விரித்துக் காட்டினார். பச்சைக் கட்டம்.

"ஆயிலை உறிஞ்சற சல்லடையோட வாயில ஒட்டியிருந்தது. ஆயுத பூஜைக்குச் சம்ப் கழுவித் தரச் சொன்னியே, அப்ப துடைச்சது. என் பழைய கைலி. உள்ளயே விட்டுட்டேன். தப்பு என்னுது."

ஏமாற்றுகிறவனைப் பிடிக்கச் செல்லக்கண்ணுவிடம் ஆணி இருந்தது. இப்படிப்பட்டவரிடம் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"நான்தான் இங்க இல்லையே பாய். அடுப்புல போட்டுட்டு, சும்மா அழுக்குதான்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். அடுத்த வண்டியிலயும் துணியை விட்டிருப்பேன்." கனி பாய் துணியை நீட்டினார். "இந்தா, இதுலயும் ஒரு கீறல் போட்டுக்க."

சம்ப்பை மாட்டிப் புது ஆயில் ஊற்றிப் பொன்மலை வரை ஓட்டினார்கள். எவ்வளவு மிதித்தும் முள் ஐம்பதை விட்டு இறங்கவில்லை. பாய் கூலி வாங்கவில்லை; ஆயிலும் தன் பொறுப்பு என்றார்.

நாலு மணிக்குச் சொன்னபடி பிலோமின்ராஜ் வந்தார். கூடவே மனைவி அக்னஸ், முதல் சவாரி தான்தான் போகவேண்டும் என்று புதுப் புடவையில்.

"வண்டி எப்படிப்பா?"

செல்லக்கண்ணு துணியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"வண்டி நல்லாருக்குங்க. அதனால விக்கலை. போன வாரம் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். அப்பதான் உங்க தலையில கட்டப் பார்த்தேன்."

பிலோமின்ராஜின் முகம் சிவந்தது. "இதை என்கிட்டயே சொல்றியா?"

"சொல்லித்தாங்க ஆகணும். எஞ்சினுக்குள்ள கிடந்த இந்தத் துணி பாயோட தப்பு. அவரே எடுத்து என் முன்னால வச்சார். என் தப்பை நான் உங்க முன்னால வைக்கறேன். இருபது வருஷமா தப்பே பண்ணாத மெக்கானிக்கைத் தேடிட்டிருந்தேங்க, அப்படி ஒருத்தன் கிடையாது. பண்ணின தப்பைத் தானா ஒத்துக்கறவனைத்தான் தேடியிருக்கணும். நம்மளை யாராவது நம்பணும்னா, நாமளும் அதைத்தான் செய்யணும்."

அக்னஸ் வண்டியின் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள். "விக்காட்டி போகட்டும். வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுவல்ல?"

செல்லக்கண்ணு ஆணியைச் சாக்கடையில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான்.