ஒரே படுக்கை, இரண்டு வாட்ச்

அந்த நீர்மூழ்கிக் கப்பலில் இரண்டு பேருக்கு ஒரு படுக்கை. ஒருவன் வேலைக்கு எழுந்து போனதும் அடுத்தவன் அதே சூட்டில் வந்து படுப்பான். படுத்ததும், முன்னவன் விட்ட இடத்திலிருந்து கனவு தொடரும்.

இதில் யாரையும் நொந்து பயனில்லை. ஆரம்ப கால நீர்மூழ்கிகளில் சிலவற்றை உள்ளே உட்கார்ந்தவர்களே கையால் சுற்றி ஓட்டினார்கள். தூங்க நேரமில்லை, கனவுத் தொல்லையும் இல்லை. பிறகு பேட்டரி வந்தது, டீசல் வந்தது, டார்பிடோ வந்தது. எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கி முடித்த பிறகுதான், உள்ளே மனிதர்களும் இருப்பார்கள் என்பது வரைபடம் போட்டவர்களுக்கு ஞாபகம் வந்தது. டார்பிடோக்களுக்கு நடுவில் கிடைத்த இடுக்கில் படுக்கைகளைச் செருகினார்கள். ஆளுக்கொரு படுக்கைக்கே வழியில்லாதவர்கள் ஆளுக்கொரு கனவுக்கு எங்கே போவார்கள்?

வேம்பார்க்காரன் இன்னாசிக்கு சோனார் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடலைக் கேட்பான். நாற்பது மைலுக்கு அப்பால் போகும் கப்பலின் புரொப்பல்லருக்கு எத்தனை இதழ் என்று சொல்லிவிடுவான். அவனோடு படுக்கையைப் பங்கிட்டவர் சாத்தூர்க்காரரான சமையல்காரர் பூமிராஜன். கப்பல் முங்கிய மூன்றாம் நாள் இன்னாசிக்குப் பெண் பிறந்தது. அதுவும் பூமிராஜன் சொல்லித்தான் தெரியும்.

இன்னாசியின் மனைவி ரோசலின் தினமும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கனவில் வந்தாள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வந்தாள். பன்னிரண்டிலிருந்து ஆறு வரை படுக்கை பூமிராஜனுடையது. நாலு மணிக்கு அவள் கிளம்பியதும் பூமிராஜன் தன் சொந்தக் கனவைத் தொடங்கி, முடிக்காமல் எழுந்து போவார். ஆறு மணிக்குப் படுக்கும் இன்னாசிக்கு அந்த மிச்சம்தான். சாத்தூரில் ஒரு கல்யாண மண்டபம், கழுவாத அண்டாக்கள், உரிக்காத ஒரு மூட்டை வெங்காயம். ஆறு மணி நேரம் உரித்துவிட்டு, கண் எரிய எழுந்து போய்க் கடலைக் கேட்பான்.

வாட்ச் என்கிற வேலை முறை மாறும்போது ஏணியருகே அரை நிமிஷம் கிடைக்கும்.

"இன்னைக்கு வந்தாளா அண்ணாச்சி?"

"வந்துச்சு. பிள்ளைய எங்கிட்டக் குடுத்துட்டுத் துணி காயப்போடப் போயிருச்சு. நான் என்ன ஆயாவா தம்பி? தூங்கவா விடுது?"

"பிள்ள எப்படி இருக்கா?"

"பிள்ள மாதிரித்தான் இருக்கு."

"மூக்கு?"

"இருக்கு."

இன்னாசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவியே இது இன்ன பருப்பு என்று சொல்லும் மனுஷனுக்கு ஒரு மூக்கைச் சொல்லத் தெரியவில்லை. பெற்றவன் முகம் பார்க்காத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அலுப்பு வேறு. வருகிற நேரத்தை மாற்றச் சொல்லி ரோசலினுக்கு அவர் மூலமாகவே சொல்லியனுப்பினான். பிள்ளை தூங்குவது அப்போதுதான், வேண்டுமானால் அப்பன் மாறிக்கொள்ளட்டும் என்று பதில் வந்தது.

மாறுவதற்கு லெப்டினன்ட் திருமலைக்கொழுந்து சம்மதிக்க வேண்டும். கப்பல் முன்னும் பின்னும் சாயாமல் பார்ப்பது அவர் வேலை. எந்த ஆள் எந்நேரம் எங்கே இருக்கிறான் என்று பார்த்துத் தொட்டிகளில் தண்ணீரை ஏற்றுவார், இறக்குவார்.

"பூமிராஜன் எண்பத்திரண்டு கிலோ, நீ அறுபத்தொண்ணு. மத்தியானம் அந்த இடத்துல எண்பத்திரண்டு கிலோ படுத்திருக்கணும். இல்லேன்னா கப்பல் தலையத் தூக்கிரும்."

இன்னாசி எண்பத்திரண்டை எட்டுவதற்காகத் தின்ன ஆரம்பித்தான். தொல்லை விட்டால் போதும் என்று பூமிராஜனும் தட்டில் பூரிகளை அடுக்கினார். நாலு கிலோ ஏறியதும் லெப்டினன்ட் கூப்பிட்டனுப்பினார்.

"பின்னாடி ஸ்டோர்ல இருந்த நாலு கிலோ மாவு உன் வயித்துல ஏறி முன்னாடி வந்திருக்கு. நானும் தண்ணிய மாத்தி மாத்தி அலுத்துப் போயிட்டேன். சாப்பாட்டக் குறை."

நாற்பதாம் நாள் ஆறு மணிக்கு வழக்கம்போல் மணி அடித்தது. ஏணியருகே பூமிராஜன் சட்டையை மாட்டிக்கொண்டே முனகினார்.

"ஒன் வீட்டுக்காரி குளிக்கப் போனவ வரவே இல்ல தம்பி. மணியும் அடிச்சுட்டாங்க. அடுப்புல ஒல கொதிக்குது, நான் எத்தன நேரம் பிள்ளைய வச்சுக்கிட்டு இருக்க? அங்கனயே போட்டுட்டு வந்துட்டேன். பால் குடிச்சிருச்சு, ஏப்பம் விடல. நாளைக்கு அது வந்தா நான் சொல்லிக்கிறேன்."

இன்னாசி இடுக்கில் ஏறினான். தலையணையில், பூமிராஜனின் துண்டில் சுற்றி, குழந்தை கிடந்தது. தோளில் போட்டு முதுகைத் தட்டினான். ஏப்பம் வந்தது. தூரத்துச் சத்தங்களையே கேட்டுப் பழகிய காதுக்கு அது ரொம்பப் பக்கத்தில் கேட்டது.

கப்பல் லேசாக முன்பக்கம் சாய்ந்தது. லெப்டினன்ட் திரையை விலக்கினார்.

"நாலு கிலோ நூறு கூடுது. இது ஸ்டோர்ல இருந்து வந்ததில்ல."

"இல்ல சார்."

"அப்போ தண்ணியக் கடலுக்குத்தான் தள்ளணும். அடுத்த வாட்ச்ல யார்கிட்ட இருக்கும்?"

"எங்கூட சார். சோனார்ல."

"முன்கூட்டிச் சொல்றதுக்கு என்ன?" என்று கடுகடுத்தபடி அவர் போனார்.

பம்ப் ஓடியது. நாலு கிலோ நூறு கிராம் கடல்நீர் கடலுக்கே போய்ச் சேர்ந்தது. கப்பல் நேரானது. இன்னாசி விளக்கைச் சற்றே திருப்பி மகளின் மூக்கைப் பார்த்தான். அவன் அம்மாவின் மூக்கு, நுனியில் அதே சின்னப் பள்ளத்தோடு. இதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு இத்தனை நாளாக வாய் வரவில்லை.